இருட்டில் ஒளிரும் இ.கோலை: லக்ஸ் மரபணுக்களைக் குளோன் செய்து வெளிப்படுத்த முழு வழிகாட்டி

ஒளிரும் இ.கோலை பாக்டீரியா நன்றாக வளர்ந்திருக்கும் குழாயை அரை மணி நேரம் ஸ்டாண்டில் அசையாமல் வைத்துவிட்டு, விளக்கை அணைத்துப் பாருங்கள். குழாய் இருண்டு கிடக்கும். மேல்மட்டத்தில், காற்றைத் தொடும் இடத்தில் மட்டும் மெல்லிய நீலப்பச்சைக் கோடு தெரியும். மூடியை அழுத்திப் பிடித்து ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்தால் அந்த நிறம் அலைபோல் குழாய் முழுக்க ஓடும். கல்ச்சர் அடர்த்தியாக இருந்தால் சில நிமிடங்களில் அடியிலிருந்து மறுபடி அணையத் தொடங்கிவிடும்.

மரபணு அதேதான், புரதமும் அதேதான். மாறியது ஆக்சிஜன் மட்டும். லக்ஸ் ஆபரானை (ஒளிரச் செய்யும், ஒன்றாக இயங்கும் மரபணுத் தொகுப்பை) குளோன் செய்வது இன்று பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் இரண்டு வாரத்தில் முடிக்கக்கூடிய வேலை. வரும் ஒளி எதைச் சொல்கிறது என்று புரிந்துகொள்வதுதான் கடினம். அதனால் இந்த வழிகாட்டி குளோனிங்கைச் சற்று வேகமாகவும், ஒளியை அளப்பதையும் பழுது பார்ப்பதையும் நிதானமாகவும் சொல்கிறது.

ஒளி எப்படி வருகிறது

மின்மினிப் பூச்சியின் லூசிஃபெரேஸுக்கு (ஒளி தரும் நொதி) லூசிஃபெரின் என்ற எரிபொருளை வெளியிலிருந்து ஊற்ற வேண்டும். பாக்டீரியாவின் லக்ஸ் தொகுப்புக்கு எதையும் ஊற்ற வேண்டியதில்லை. லக்ஸ்-ஏ, லக்ஸ்-பி என்ற இரண்டு மரபணுக்கள் லூசிஃபெரேஸின் இரு பாகங்களைத் தருகின்றன. லக்ஸ்-சி, டி, இ மூன்றும் சேர்ந்து செல்லின் கொழுப்பு அமிலத்திலிருந்து நீண்ட சங்கிலி ஆல்டிஹைடைத் தயாரித்துக் கொடுக்கின்றன. லூசிஃபெரேஸ் மூன்று பொருள்களைச் சேர்க்கிறது: ஒடுக்கப்பட்ட ஃபிளேவின் (எஃப்எம்என்எச்2), அந்த ஆல்டிஹைடு, ஆக்சிஜன். 490 நானோமீட்டர் அருகே ஒளி வெளிவருகிறது.

ஆல்டிஹைடைத் தயாரிக்க செல்லின் ஆற்றல் மூலக்கூறுகளான ஏடிபியும் என்ஏடிபிஎச்சும் செலவாகின்றன. ஃபிளேவினை ஒடுக்கவும் செல்லின் ஆற்றல்தான் போகிறது. ஆக, நீங்கள் பார்க்கும் ஒளி ப்ரோமோட்டரின் (மரபணுவை இயக்கும் டிஎன்ஏ பகுதி) வேகத்தை மட்டும் காட்டுவதில்லை. செல் எவ்வளவு தெம்பாக இருக்கிறது, எவ்வளவு காற்று கிடைக்கிறது என்பதும் அதில் கலந்திருக்கும். ஒளி மங்கினால் உடனே மரபணுவைச் சந்தேகிக்காதீர்கள்.

எந்த லக்ஸ்?

1983இல் எங்கிபிரெக்ட், நீல்சன், சில்வர்மன் ஆகிய மூவரும் விப்ரியோ ஃபிஷெரியின் ஒளிரும் மரபணுக்களை இ.கோலைக்குள் ஏற்றிக் காட்டினார்கள். அதனால் பலருக்கும் முதலில் தோன்றுவது அந்த ஃபிஷெரி ஆபரான்தான். இயற்கை வடிவில் அதில் லக்ஸ்-ஆர், லக்ஸ்-ஐ என்ற கூட்டுணர்வு மரபணுக்களும் இருக்கும். செல்கள் அடர்ந்த பிறகுதான் ஒளிரும். பாடம் நடத்த அருமையானது, சென்சார் செய்யத் தொல்லை.

சிங்கப்பூரில் இதைவிடப் பெரிய சிக்கல் வெப்பம். ஃபிஷெரி லூசிஃபெரேஸ் 30 டிகிரிக்கு மேல் தாங்காது. ஏர்கான் இல்லாத தாழ்வாரத்தில் மதியம் வைத்தால் தட்டு மங்கிவிடும். 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்துவிட்டு "குளோன் வரவில்லை" என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. காலனி வந்திருக்கும், ஒளி மட்டும் வந்திருக்காது.

அதனால் எங்கள் பரிந்துரை ஃபோட்டோராப்டஸ் லூமினெசென்ஸ் என்ற பாக்டீரியாவின் லக்ஸ்-சிடிஏபிஇ. பூச்சிகளைத் தாக்கும் நூற்புழுவுக்குள் வாழும் பாக்டீரியா இது. இதன் லூசிஃபெரேஸ் 37 டிகிரியில் நன்றாக நிற்கும், 45 டிகிரியில்கூட உடனே கெட்டுவிடாது. ஐந்து மரபணுக்களும் சேர்ந்து சுமார் 5.8 கிலோபேஸ் (5,800 டிஎன்ஏ எழுத்து ஜோடி). பிளாஸ்மிட் (செல்லுக்குள் தனியே பெருகும் வட்ட டிஎன்ஏ) வங்கிகளில் தயாராகக் கிடைக்கிறது.

தேக்கா சந்தையில் காரல் மீன் வாங்குகிறீர்கள் அல்லவா, மலாய்க்காரர்கள் இக்கான் கேக்கேக் என்பார்களே, அதன் உணவுக்குழாயைச் சுற்றி ஒளிரும் உறுப்பு ஒன்று உண்டு. அதற்குள் ஃபோட்டோபாக்டீரியம் லெயோக்னதி வாழ்கிறது. அதைப் பிரித்தெடுத்துக் குளோன் செய்யலாமே என்று தோன்றும். ஆசை நியாயமானது. ஆனால் மீனிலிருந்து எடுத்த காலனி எந்த இனம் என்று, இனத்தைக் காட்டும் 16எஸ் மரபணு வரிசை பார்த்து உறுதி செய்யாமல் வளர்க்கக் கூடாது. விப்ரியோ குடும்பத்தில் நோய் தருபவையும் உண்டு.

தொடங்கும் முன்

இ.கோலை கே-12 வகை (டிஎச்5ஆல்ஃபா, டாப்10 போன்றவை) பாதிப்பில்லாத ஆய்வக இனம்தான். ஆனாலும் இது மரபணு மாற்று வேலை. சிங்கப்பூரில் மரபணு மாற்ற ஆலோசனைக் குழு வகுத்த வழிகாட்டுதல்கள் பொருந்தும். உங்கள் நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவிடம் முதலிலேயே திட்டத்தைக் கொடுங்கள். எந்த இனம், எந்த மரபணு, எந்த ஆன்டிபயாடிக் எதிர்ப்பு, கழிவை எப்படி அழிப்பீர்கள் என்ற நான்கையும் ஒரு பக்கத்தில் எழுதினால் பெரும்பாலும் போதும். வீட்டுச் சமையலறையில் செய்யும் வேலை இல்லை இது. குழாயைப் பையில் போட்டுக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் நண்பரிடம் காட்டப் போவதும் கூடாது.

வடிவமைப்பு: வலுவைக் குறையுங்கள்

புதிதாக வருபவர்கள் அதிகப் பிரதி பிளாஸ்மிட்டையும் மிக வலுவான ப்ரோமோட்டரையும் சேர்ப்பார்கள். முதல் நாள் தட்டு ஜொலிக்கும். மூன்றாவது முறை மாற்றி வளர்க்கும்போது பாதி காலனிகள் இருண்டிருக்கும். ஒளிரும் செல் ஆற்றலை இழந்து மெதுவாக வளர்கிறது. எங்காவது ஒரு செல்லில் லக்ஸ் பழுதானால் அது வேகமாகப் பெருகி மற்றவற்றை முந்திவிடும். செல்லைச் சுமக்க முடியாத அளவுக்குச் சுமக்க வைத்தால் அது சுமையை இறக்கி வைக்கத்தான் பார்க்கும்.

பி15ஏ தோற்றம் (பிரதியெடுப்பு தொடங்கும் இடம்) கொண்ட வெக்டர், அதாவது மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட் (செல்லுக்குப் பத்துப் பன்னிரண்டு பிரதி) நல்ல நடுநிலை. நிலையாக ஒளிர வேண்டுமென்றால் வெவ்வேறு வலுவுள்ள ப்ரோமோட்டர்களைக் கொண்ட ஆண்டர்சன் தொகுப்பின் ஜே23106 ப்ரோமோட்டரை எடுங்கள். அதன் வலு ஜே23100இல் ஏறத்தாழ பாதி. தேவைப்படும்போது மட்டும் ஒளிர வேண்டுமென்றால் அராபினோஸ் என்ற சர்க்கரைக்கு இணங்கும் பிபேட் ப்ரோமோட்டர். ஆன்டிபயாடிக்காகக் கனமைசினைத் தேர்ந்தெடுங்கள். ஆம்பிசிலின் தட்டில் பெரிய காலனியைச் சுற்றிப் பொடிப்பொடியாக முளைக்கும் துணைக் காலனிகள் இருண்டிருக்கும். அவை எண்ணிக்கையைக் குழப்பும்.

ப்ரோமோட்டருக்கு முன்னால் வலுவான டெர்மினேட்டர் (படியெடுப்பை நிறுத்தும் டிஎன்ஏ பகுதி) ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். இல்லாவிட்டால் வெக்டரின் வேறு ப்ரோமோட்டரிலிருந்து படியெடுப்பு கசிந்து வந்து, தூண்டாத நிலையிலும் ஒளிரும். ஐந்து மரபணுக்களுக்கும் இடையே உள்ள இயற்கையான ரைபோசோம் பிணைப்பிடங்களை (புரதத் தயாரிப்பு தொடங்கும் இடங்கள்) தொடாதீர்கள். அவை இ.கோலையில் நன்றாகவே வேலை செய்கின்றன. கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவில் ஏற்றுவதாக இருந்தால் கதை வேறு. அங்கே இந்த இடங்களை அந்தச் செல்லுக்கு ஏற்ப மாற்றி, வரிசையையும் ஏபிசிடிஇ என்று மாற்றிய தொகுப்பு தேவைப்படும்.

பிசிஆர்

பிசிஆரில் (டிஎன்ஏ துண்டைப் பிரதியெடுத்துப் பெருக்கும் முறை) 5.8 கிலோபேஸை ஒரே துண்டாகவும் எடுக்கலாம். இரண்டாக எடுத்தால் நிம்மதி: லக்ஸ்-சிடி சுமார் 2.4 கிலோபேஸ், லக்ஸ்-ஏபிஇ சுமார் 3.3 கிலோபேஸ். லக்ஸ்-டி-க்கும் லக்ஸ்-ஏ-க்கும் இடையே உள்ள பகுதியில் இணைப்பை வையுங்கள். இந்த டிஎன்ஏவில் அடினின், தைமின் எழுத்துகள் அதிகம் என்பதால் வழக்கமான 20 எழுத்து ப்ரைமர் (பிரதியைத் தொடங்கி வைக்கும் சிறு டிஎன்ஏ) சரியாக ஒட்டாது. ஒட்டும் பகுதி மட்டுமே 25 முதல் 30 எழுத்து இருக்கட்டும். அதற்கு மேல் கிப்சன் இணைப்புக்கான (முனைகள் ஒத்த டிஎன்ஏ துண்டுகளை ஒட்டும் முறை) 25 எழுத்து வால். ஜே23106 வெறும் 35 எழுத்துதான். அதைத் தனியாக வாங்காமல் வெக்டர் ப்ரைமரின் வாலிலேயே சேர்த்துவிடலாம்.

50 மைக்ரோலிட்டர் கலவை:

- 5 மடங்கு பஃபர் 10 மைக்ரோலிட்டர்
- 10 மில்லிமோலார் டிஎன்டிபி (டிஎன்ஏ எழுத்துகளின் கலவை) 1
- 10 மைக்ரோமோலார் ப்ரைமர்கள், ஒவ்வொன்றும் 2.5
- டெம்ப்ளேட் பிளாஸ்மிட் 1 (ஒரு நானோகிராம் போதும்)
- கியூ5 போன்ற பிழை குறைந்த பாலிமரேஸ் 0.5
- தண்ணீர் 32.5

98 டிகிரியில் 30 விநாடி. பிறகு 25 சுற்று: 98இல் 10 விநாடி, 62இல் 20 விநாடி, 72இல் கிலோபேஸுக்கு 30 விநாடி. கடைசியில் 72இல் 2 நிமிடம். பட்டை மங்கலாக வந்தால் 62ஐ 58 வரை இறக்கிப் பாருங்கள்; சுற்றை 35க்கு ஏற்றாதீர்கள், பிழைகள்தான் கூடும்.

வெக்டரையும் பிசிஆர் மூலமே நீட்டி, டிபிஎன்1 நொதி 1 மைக்ரோலிட்டர் சேர்த்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, பழைய வட்ட பிளாஸ்மிட்டை அழியுங்கள். லக்ஸ் டெம்ப்ளேட்டும் இதே ஆன்டிபயாடிக் எதிர்ப்பைக் கொண்டதென்றால் அதற்கும் டிபிஎன்1 வேண்டும். இல்லாவிட்டால் தட்டில் ஒளிரும் காலனி நிறைய வரும், எல்லாமே பழைய டெம்ப்ளேட். ஒளிர்வதால் யாருக்கும் சந்தேகமே வராது என்பதுதான் இதில் ஆபத்து.

0.8 சதவீத அகரோஸ் ஜெல்லில் ஓட்டி, நீல ஒளியில் வெட்டி எடுங்கள். புற ஊதா விளக்கில் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டே வெட்டினால் டிஎன்ஏ சேதமாகும்.

இணைப்பும் டிரான்ஸ்ஃபர்மேஷனும்

கிப்சன் இணைப்பில் நானோகிராமை நம்பாமல் மூலக்கூறு எண்ணிக்கையைக் கணக்கிடுங்கள். பிகோமோல் அறிய, நானோகிராமை 1000ஆல் பெருக்கி, நீளத்தை 650ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். வெக்டர் 3 கிலோபேஸ் என்றால் 60 நானோகிராம் (0.03 பிகோமோல்). செருகும் துண்டுகள் இரு மடங்கு: சிடி 95 நானோகிராம், ஏபிஇ 130 நானோகிராம். மொத்தம் 10 மைக்ரோலிட்டருக்குள் அடக்கி, 2 மடங்கு மாஸ்டர் மிக்ஸ் 10 மைக்ரோலிட்டர் சேர்த்து, 50 டிகிரியில் ஒரு மணி நேரம்.

டிஎன்ஏவை உள்வாங்கத் தயார் செய்த காம்பிடன்ட் செல் 50 மைக்ரோலிட்டரில் 2 மைக்ரோலிட்டர் சேருங்கள். பனியில் 30 நிமிடம், 42 டிகிரியில் 30 விநாடி, மறுபடி பனியில் 2 நிமிடம், பிறகு எஸ்ஓசி ஊடகம் 950 மைக்ரோலிட்டர் ஊற்றி 37 டிகிரி ஷேக்கரில் ஒரு மணி நேரம். 100 மைக்ரோலிட்டரை ஒரு தட்டிலும், மீதியைச் சுழற்றி அடியில் படிந்ததை இன்னொரு தட்டிலும் பரப்புங்கள். கனமைசின் மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம்.

கிட்டத்தட்ட 9 கிலோபேஸ் பிளாஸ்மிட் இது, அதுவும் மூன்று துண்டு இணைப்பு. மைக்ரோகிராமுக்கு 10 கோடி காலனி தரும் செல்லாவது வேண்டும். நமது ஊரில் செல்கள் உலர் பனியில் பறந்து வருகின்றன. பெட்டி வரவேற்பு மேசையில் அரை நாள் காத்திருந்தால் திறன் போய்விடும். ஒவ்வொரு முறையும் பியூசி19 பிளாஸ்மிட் பத்து பிகோகிராமை ஆம்பிசிலின் தட்டில் கட்டுப்பாடாகப் போடுங்கள். அதுவும் காலியாக இருந்தால் குறை செல்லில், உங்கள் இணைப்பில் இல்லை.

இருட்டறையில்

ஜன்னலில்லாத அறை, கதவிடுக்கில் துணி, கருவிகளின் சிறு விளக்குகள் மேல் கறுப்பு டேப். பத்துப் பதினைந்து நிமிடம் கண் பழகட்டும். இடையில் கைப்பேசியைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. மங்கலான காலனியை நேராகப் பார்க்காமல் சற்று ஓரக்கண்ணால் பாருங்கள். கண்ணின் இருள்-உணர் செல்கள் நடுவில் இல்லை, ஓரத்தில்தான் அதிகம். 490 நானோமீட்டர் நிறமும் அவற்றுக்குப் பிடித்தமான பகுதிதான். கைப்பேசியை ஸ்டாண்டில் பொருத்தி 30 விநாடி எக்ஸ்போஷர் வைத்தால் கண்ணுக்குத் தெரியாததும் படத்தில் வரும்.

இருட்டாக இருக்கிறதே என்று 4 டிகிரி குளிரறைக்குள் போய்ப் பார்க்காதீர்கள். குளிரில் ஒளி அடங்கிவிடும். தட்டை எடுத்து கால் மணி நேரம் வெளியே வைத்தால் திரும்ப வரும்.

மிகப் பிரகாசமான காலனியை மட்டும் எடுக்கும் ஆசையை அடக்குங்கள். அளவிலும் ஒளியிலும் மற்றவற்றோடு ஒத்திருக்கும் மூன்று காலனிகளை எடுத்து 5 மில்லிலிட்டரில் வளர்த்து, பிளாஸ்மிட்டைப் பிரித்து, மூன்று பட்டை தரும் வெட்டு நொதியால் சரிபாருங்கள். குறைந்த பிரதி பிளாஸ்மிட் என்பதால் 50 டிகிரிக்குச் சூடாக்கிய பஃபர் 30 மைக்ரோலிட்டரில் எடுத்தால்தான் செறிவு கிடைக்கும். கடைசியாக முழு பிளாஸ்மிட்டையும் வரிசைப்படுத்துங்கள். ப்ரோமோட்டர் இருக்கும் இணைப்பில் ஓர் எழுத்து விழுந்தால்கூட ஒளி பத்தில் ஒன்றாகலாம்.

வெளிப்படுத்துதலும் அளவீடும்

முந்தைய இரவு வளர்ந்ததை மறுநாள் காலை நூறில் ஒன்றாக நீர்த்து, 250 மில்லிலிட்டர் குடுவையில் 25 மில்லிலிட்டர் மட்டும் ஊற்றி, 30 டிகிரியில் நிமிடத்துக்கு 200 சுழற்சி. குடுவையில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுக்கு. பிபேட் என்றால் ஓடி (கல்ச்சரின் கலங்கல் அளவு) 0.4 வந்ததும் அராபினோஸ். 0.002, 0.02, 0.2 சதவீதம் மூன்றையும் ஒரே நாளில் பாருங்கள். நடுத்தர அளவுகளில் எல்லாச் செல்லும் பாதி ஒளிர்வதில்லை. சில செல்கள் முழுதாக ஒளிர, சில இருண்டே இருக்கும். குடுவையின் சராசரியை ஒவ்வொரு செல்லின் நிலையாகப் படிக்கக் கூடாது. ஊடகத்தில் குளுகோஸ் இருந்தால் பிபேட் அடங்கிவிடும். தூண்டாத கட்டுப்பாட்டுக்கு 0.2 சதவீத குளுகோஸை வேண்டுமென்றே சேர்க்கலாம்.

"புரதத்தை அதிகம் தயாரிக்கும் பிஎல்21 இனத்தில் வலுவான டி7 ப்ரோமோட்டரில் போட்டால் இன்னும் ஒளிருமே?" பெரும்பாலும் ஒளிராது. புரதம் கூடினாலும் ஃபிளேவினும் ஆல்டிஹைடும் கூடவில்லை. லூசிஃபெரேஸைத் தூய்மையாகப் பிரித்தெடுக்கத்தான் அந்த வழி. அப்போதும் லக்ஸ்-ஏ, லக்ஸ்-பி இரண்டையும் ஒரே செல்லில் சேர்த்தே வெளிப்படுத்துங்கள், 18 முதல் 20 டிகிரியில் இரவு முழுக்க. பி மட்டும் தனியாக வந்தால் தனக்குத் தானே ஜோடி சேர்ந்துகொள்ளும். பிறகு ஏ வந்தாலும் எளிதில் பிரியாது.

96 குழித் தட்டில் அளக்க குழிக்கு 200 மைக்ரோலிட்டர், ஒரு விநாடி வாசிப்பு. வெள்ளைத் தட்டு ஒளியை அதிகம் திருப்பித் தரும், ஆனால் பக்கத்துக் குழிக்கும் சிந்தும். அறை விளக்கில் இருந்த வெள்ளைத் தட்டு தானே சற்று ஒளிரும் என்பதால் 5 நிமிடம் இருட்டில் வைத்துத் தொடங்குங்கள். நீண்ட நேரம் அளப்பதென்றால் சாதாரண பிளாஸ்டிக் ஒட்டுத்தாளால் மூடாதீர்கள். காற்று புகும் சவ்வு வேண்டும். ஒரு கல்ச்சரை இரண்டிரண்டாக எட்டு முறை நீர்த்து அளந்து, எண்ணும் நேர்கோட்டில் இறங்குகிறதா என்று முதலிலேயே பாருங்கள். மேல் முனையில் தட்டையானால் கருவி நிரம்பிவிட்டது.

ஒளியை ஓடியால் வகுத்துச் சொல்வதுதான் வழக்கம். வளர்ச்சி நிற்கும் கட்டத்தில் அந்த விகிதம் சரிந்தால் ப்ரோமோட்டர் அணைந்தது என்று எழுதிவிடாதீர்கள். பெரும்பாலும் மூச்சுத் திணறல்தான். காலி வெக்டர், ப்ரோமோட்டர் இல்லாத லக்ஸ், எப்போதும் ஒளிரும் ஜே23106 லக்ஸ் ஆகிய மூன்று கட்டுப்பாடுகளும் ஒவ்வொரு தட்டிலும் இருக்க வேண்டும்.

ஒளி வரவில்லை

முதலில் குலுக்குங்கள். ஒளி வந்தால் ஆக்சிஜன் பிரச்சினை. வராவிட்டால் 25 டிகிரியில் ஓர் இரவு வளர்த்துப் பாருங்கள். அதிலும் இருட்டென்றால் ஆல்டிஹைடு சோதனை: எத்தனாலில் கரைத்த 1 சதவீத டெகனாலை (ஒரு நீண்ட சங்கிலி ஆல்டிஹைடு) ஒரு மில்லிலிட்டர் கல்ச்சரில் 1 மைக்ரோலிட்டர் விட்டு, குலுக்கி, உடனே அளங்கள். ஒளி எகிறினால் லூசிஃபெரேஸ் நலம். சி, டி, இ மூன்றில் ஒன்று பழுது. எகிறாவிட்டால் ஏ, பி அல்லது ப்ரோமோட்டரைப் பாருங்கள். டெகனாலை அதிகம் ஊற்றினால் அதுவே ஒளியை அடக்கிவிடும். மூடி திறந்ததும் ஆரஞ்சுத் தோல் வாசனை அறை முழுக்கப் பரவும். புகை உறிஞ்சும் பெட்டிக்குள் (ஃப்யூம் ஹூட்) வைத்துத் திறங்கள்.

சென்சாராக மாற்றும்போது

ஜே23106ஐ எடுத்துவிட்டு ஆர்செனிக்கை உணரும் ஆர்ஸ்-ஆர் அமைப்பையோ, டிஎன்ஏ சேதத்தை உணரும் ரெக்-ஏ ப்ரோமோட்டரையோ வைத்தால் அதே பிளாஸ்மிட் சென்சாராகிவிடும். மாதிரியைச் செல்லிடம் கொண்டுவர வேண்டும். செல்லை நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. சென்சாருக்குப் பக்கத்திலேயே எப்போதும் ஒளிரும் இனத்தையும் அதே மாதிரியில் ஓட்டுங்கள். இரண்டும் மங்கினால் மாதிரி செல்லைக் கொல்கிறது. சென்சார் மட்டும் ஏறினால்தான் அது உண்மையான பதில். இங்குள்ள குழாய்த் தண்ணீரில் கிருமிநீக்கத்துக்கான குளோரமீன் மிச்சம் இருக்கும். சோடியம் தயோசல்ஃபேட்டால் அதை முறிக்காமல் சோதித்தால், நல்ல குடிநீரும் நஞ்சு போலத் தெரியும்.

சேமிப்பும் கழிவும்

சரிபார்த்த மூன்று காலனியையும் அன்றே 20 சதவீத கிளிசராலில் மைனஸ் 80இல் வையுங்கள். தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே போகாமல், வாரம் ஒருமுறை உறைபெட்டியிலிருந்து புதிதாகக் கீறுங்கள். இருண்ட காலனி நூறில் இரண்டு மூன்று தெரிந்தால் அந்தத் தட்டைத் தூக்கிப் போடுங்கள். தட்டுகள் 121 டிகிரியில் 30 நிமிடம் ஆட்டோகிளேவ். திரவக் கல்ச்சருக்குப் பத்தில் ஒரு பங்கு வீட்டு ப்ளீச், 30 நிமிடம். இரண்டில் ஒன்றுதான்: ப்ளீச் ஊற்றிய குடுவையை ஆட்டோகிளேவுக்குள் வைத்தால் நச்சு வாயு வரும்.